கையில் இருக்கும் ஃபோன் எந்த நாட்டுக்கானது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூர் சிவாஜிநகரில் ஃபோன் ரிப்பேர் பார்க்கிறேன். வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது வந்து, "அண்ணா, இது இந்தியன் பீஸா, வெளிநாட்டுப் பீஸா? கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்" என்று ஃபோனை நீட்டுகிறார்கள். பாதிப் பேர் எஸ்.பி. ரோட்டிலோ நேஷனல் மார்க்கெட்டிலோ பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தவர்கள். மீதிப் பேருக்குச் சொந்தக்காரர்கள் துபாயிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ கொண்டுவந்து கொடுத்தது. அல்சூர், ஸ்ரீராம்புரம், விவேக்நகர் என்று நம் ஆட்கள் இருக்கும் பக்கமெல்லாம் இதே கேள்விகள்தான். பணம் கை மாறுவதற்கு முன்பே நீங்களே பார்த்துக்கொள்ளும்படி அவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

இன்டர்நேஷனல் வெர்ஷன், ரீஜனல் வெர்ஷன் என்கிறார்களே, இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

ஒரே பெயரில் வெளிவரும் ஃபோனையே கம்பெனிகள் நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாற்றிச் செய்கின்றன. எந்த அலைவரிசைகளைப் பிடிக்கும், எத்தனை சிம் போடலாம், எந்த மென்பொருள், சில நேரம் எந்தச் சிப் என்பதுகூட மாறும். ஒரு நாட்டுக்கு என்றே செய்தால் அது ரீஜனல். பல நாடுகளுக்குப் பொதுவாகச் செய்தால் அதைக் கடைக்காரர்கள் இன்டர்நேஷனல் அல்லது குளோபல் என்பார்கள். எஸ்.பி. ரோட்டில் இந்த வார்த்தைக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. 'இந்திய பில் கிடையாது' என்பதை நாசூக்காகச் சொல்ல 'இன்டர்நேஷனல் வெர்ஷன் சார்' என்பார்கள். அந்த வார்த்தை காதில் விழுந்ததும், எந்த நாட்டு வெர்ஷன் என்று திருப்பிக் கேளுங்கள்.

எந்த நாட்டுக்கானதாக இருந்தால் என்ன? ஃபோன் வேலை செய்தால் போதாதா?

போன மழைக்காலத்தில் அல்சூரிலிருந்து ஒரு அம்மா வந்தார். மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய புது ஃபோன், கண்ணாடியில் ஒட்டிய பிளாஸ்டிக்கூட இன்னும் உரிக்கவில்லை. "வாட்ஸ்அப் வருதுப்பா, யூடியூப் ஓடுது. ஆனா யாருக்கும் கூப்பிட முடியலை. ரெண்டு மாசமா பக்கத்து வீட்டு ஃபோன்லதான் டாக்டர்கிட்ட பேசுறேன்" என்றார். அவர் எதிரிலேயே என் எண்ணுக்கு அழைத்துப் பார்த்தேன். மேலே 4ஜி அடையாளம் பளிச்சென்று இருந்தது. அழைப்பு மட்டும் இரண்டு நொடியில் தானாக அறுந்தது.

அவருடையது ஜியோ சிம். ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது. அதில் குரல் போக வேண்டுமானால் வோல்ட்இ (VoLTE, 4ஜியிலேயே குரலை அனுப்பும் முறை) வழியாக மட்டும்தான் போக முடியும். அந்த ஃபோன் சீனாவில் விற்பதற்காகச் செய்தது. நம் நெட்வொர்க்குக்கான வோல்ட்இ அமைப்பு அதன் மென்பொருளில் இல்லை. இணையத்துக்கு அது தேவையில்லை என்பதால் வாட்ஸ்அப் ஓடியது. கடைசியில் எண்ணை மாற்றாமல் ஏர்டெல்லுக்கு போர்ட் செய்தோம். அங்கே 2ஜி இருப்பதால் அழைப்பு போகிறது. பேசும்போது நெட் நின்றுவிடும், அதை அவர் பொறுத்துக்கொண்டார். புது ஃபோனை வைத்துக்கொண்டு ஒரு வயதான அம்மா டாக்டரைக் கூப்பிட முடியாமல் இரண்டு மாதம் இருந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த மகன் வாங்கும் முன் ஐந்து நிமிடம் பார்த்திருந்தால் போதும்.

பின்பக்கம் 'இந்தியாவில் தயாரித்தது' என்று இருக்கிறது. அப்படியானால் இந்திய மாடல்தானே?

இல்லை. நிறையப் பேர் ஏமாறும் இடம் இதுதான். எங்கே செய்தார்கள் என்பது வேறு, எங்கே விற்பதற்குச் செய்தார்கள் என்பது வேறு. ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூரிலும், இங்கே கோலார் பக்கம் நரசாபுராவிலும் ஐஃபோன்களைக் கோக்கிறார்கள். அதில் பெரும் பங்கு அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் கோத்த ஃபோன் அமெரிக்காவில் விற்பனையாகி, யாரோ ஒருவர் பெட்டியில் பெங்களூருக்கே திரும்பி வரும். அதில் இந்தியா என்றுதான் எழுதியிருக்கும். ஆனாலும் அது அமெரிக்க மாடல். அதேபோல சீனாவில் கோத்து இந்தியாவுக்கென்றே வந்தது இந்திய மாடல்தான்.

ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் அடித்தால் வரும் எண்ணை வைத்து நாட்டைச் சொல்ல முடியுமா?

*#06# அடித்தால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும், அது ஒவ்வொரு ஃபோனுக்கும் தனித்தனியான அடையாள எண். ஏழாவது, எட்டாவது இலக்கத்தைப் பார்த்து எந்த நாட்டுத் தயாரிப்பு என்று சொல்லலாம் என ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் வருடக்கணக்காகச் சுற்றுகிறது. நம்பாதீர்கள். அந்த இலக்கங்களில் தொழிற்சாலையைக் குறிக்கும் முறையை 2004-லேயே விட்டுவிட்டார்கள். இப்போது முதல் எட்டு இலக்கமும் சேர்ந்து மாடலைத்தான் குறிக்கின்றன. முதல் இரண்டு இலக்கம் அந்த எண்ணை ஒதுக்கிய அமைப்பைச் சொல்லும்: 35 என்றால் பிரிட்டன், 86 சீனா, 01 அமெரிக்கா, 91 இந்தியா. எண்ணை ஒதுக்கியது பிரிட்டன் அமைப்பு என்பதால் ஃபோன் பிரிட்டனில் விற்பது ஆகிவிடாது. ஐஎம்இஐ வேறொரு வேலைக்கு உதவும். அதைக் கீழே சொல்கிறேன்.

ஐஃபோனில் எப்படிப் பார்ப்பது?

எல்லாக் கம்பெனியிலும் இதுதான் எளிது. செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று போனால் மாடல் நம்பர் இருக்கும். சாய்கோட்டுக்கு முன்னால் இருக்கும் எழுத்துகள்தான் நாடு. எச்என் என்றால் இந்தியா. எல்எல் அமெரிக்கா, சிஎச் சீனா, இசட்பி ஹாங்காங், ஜே ஜப்பான், கேஎச் கொரியா, இசட்ஏ சிங்கப்பூர், பி (B) பிரிட்டன்.

அந்த எண்ணின் முதல் எழுத்தையும் விட்டுவிடாதீர்கள். எம் என்றால் கடையில் புதிதாக விற்றது. எஃப் என்றால் ஆப்பிளே புதுப்பித்து விற்றது. என் என்றால் பழுதான ஃபோனுக்குப் பதிலாகக் கொடுத்தது. பி (P) என்றால் பெயர் பொறித்து வாங்கியது. புதுசு என்று சொல்லி விற்பவர் கையில் இருக்கும் ஃபோன் என் அல்லது எஃப் என்று தொடங்கினால், அங்கேயே பேச்சை நிறுத்திவிடலாம்.

இன்னொன்று. அந்த எண்ணின் மேல் விரலால் ஒரு தட்டு தட்டினால் ஏ என்று தொடங்கும் நான்கு இலக்க எண்ணாக மாறும். அதுதான் ஃபோனின் உடம்பை, அதாவது வன்பொருளைக் குறிக்கும் எண். உதாரணமாக ஐஃபோன் 13-இல் ஏ2633 இந்தியாவும் இன்னும் பல நாடுகளும் சேர்ந்தது, ஏ2482 அமெரிக்கா, ஏ2634 சீனாவும் ஹாங்காங்கும். பெட்டியில் ஒரு எண்ணும் உள்ளே இன்னொரு எண்ணும் இருந்தால் அந்தப் பெட்டி அந்த ஃபோனுடையது இல்லை.

அமெரிக்காவிலிருந்து வந்த ஐஃபோனில் சிம் போடும் ஓட்டையே இல்லையே?

ஐஃபோன் 14 முதல் அமெரிக்க மாடல்களில் சிம் ட்ரே கிடையாது, இசிம் (அட்டை இல்லாமல் ஃபோனுக்குள்ளேயே பதிவாகும் சிம்) மட்டும்தான். ஐஃபோன் 17 வரிசையில் இது இன்னும் பரவியிருக்கிறது: ஐக்கிய அரபு அமீரகம், சவுதி, கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன், ஜப்பான், கனடா, மெக்சிகோவில் விற்பவற்றிலும் ட்ரே இல்லை. வளைகுடாவில் வேலை பார்க்கும் அண்ணன், மச்சானிடம் ஃபோன் கேட்டிருப்பவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். ஜியோ, ஏர்டெல், வி மூன்றும் இசிம் தருகின்றன, ஆகவே இங்கே பயன்படுத்த முடியும். ஆனால் ஃபோன் கீழே விழுந்து திரை போய்விட்டால், சிம்மைக் கழற்றிப் பழைய ஃபோனில் போட்டுக்கொள்ளும் வழி இல்லை. அம்மா, அப்பாவுக்கு வாங்குகிறீர்கள் என்றால் ட்ரே உள்ளதையே வாங்குங்கள் என்பதுதான் என் யோசனை.

மாறாக, சீனா, ஹாங்காங் ஐஃபோன்களில் பல மாடல்களில் இரண்டு சிம்மும் உள்ளே போகும். இரண்டு எண் வைத்திருப்பவர்கள் அதை விரும்பி வாங்குவதும் உண்டு. சீனாவில் விற்பவற்றில் ஃபேஸ்டைம் (ஆப்பிளின் இணைய அழைப்பு) ஆடியோ இருக்காது, பல மாடல்களில் இசிம்மும் இருக்காது. அமீரக ஃபோன்களில் ஃபேஸ்டைம் இல்லாமல் போகலாம், திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். ஜப்பான், கொரியா ஃபோன்களில் படம் எடுக்கும்போது வரும் 'கிளிக்' சத்தத்தை அடக்க முடியாமல் போகலாம். திருட்டுத்தனமாகப் படம் எடுப்பதைத் தடுக்க அங்கே வைத்த ஏற்பாடு அது.

சாம்சங்கில்?

மாடல் எண்ணின் கடைசி எழுத்தைப் பாருங்கள். யு என்றால் அமெரிக்கா, என் கொரியா, 0 என்று முடிந்தால் பெரும்பாலும் சீனா அல்லது ஹாங்காங். பி (B), இ (E) இரண்டும்தான் குழப்பம் தருபவை. எஸ்22-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்901இ இந்தியாவில் விற்றது, ஸ்னாப்டிராகன் சிப். எஸ்901பி ஐரோப்பாவில் விற்றது, எக்ஸினாஸ் சிப். எஸ்23-இல் பார்த்தால் இந்தியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஒரே பி-தான். ஆகவே கடைசி எழுத்தோடு நின்றுவிடக் கூடாது.

செட்டிங்ஸில் அபவுட் ஃபோன், சாஃப்ட்வேர் இன்ஃபர்மேஷன் போய், சர்வீஸ் புரொவைடர் சாஃப்ட்வேர் வெர்ஷன் என்ற வரியைப் படியுங்கள். அதன் முடிவில் மூன்றெழுத்துக் குறிகள் சாய்கோடு போட்டு வரிசையாக நிற்கும். ஐஎன்எஸ் என்றால் இந்தியா. எக்ஸ்எஸ்ஜி அமீரகம், பிடியு பிரிட்டன், கேஓஓ கொரியா, டிஜிஒய் ஹாங்காங், எக்ஸ்ஏஏ அமெரிக்கா. எல்லாமே ஐஎன்எஸ் என்றால் நிம்மதி. கலந்து இருந்தால் எங்கிருந்து வந்தது என்று விற்பவர்தான் விளக்க வேண்டும்.

சீல் உடைக்காத வெளிநாட்டு சாம்சங் என்று யாராவது பெருமையாகக் கொடுத்தால் கவனம். 2013-இல் நோட் 3 வந்த காலத்திலிருந்து ரீஜன் லாக் என்று ஒன்று உண்டு. வாங்கிய பிராந்தியத்து சிம்மைப் போட்டு மொத்தம் ஐந்து நிமிடமாவது பேசிய பிறகுதான் வேறு நாட்டு சிம்மை ஏற்கும். துபாயிலிருந்து வருபவரிடம், "அண்ணே, அங்கேயே சீலை உடைத்து, அந்த ஊர் சிம்மைப் போட்டு ஐந்து நிமிடம் பேசிவிட்டுக் கொண்டுவாருங்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்புறம், இந்திய சாம்சங்கில் இருக்கும் கால் ரெக்கார்டிங் அமெரிக்க, ஐரோப்பிய ஃபோன்களில் இல்லாமல் போகலாம்.

ஷாவ்மி, ரெட்மி, போக்கோ ஃபோனில் 'குளோபல் ராம் போட்டுத் தருகிறோம்' என்கிறார்களே?

நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். இங்கே ராம் (ROM) என்பது ஃபோனை ஓட்டும் மென்பொருள். அபவுட் ஃபோனில் மென்பொருள் பதிப்பு எண் நீளமாக இருக்கும், அதன் கடைசி நான்கு எழுத்தைப் பாருங்கள். ஐஎன்எக்ஸ்எம் என்றால் இந்தியா, எம்ஐஎக்ஸ்எம் குளோபல், சிஎன்எக்ஸ்எம் சீனா, இயுஎக்ஸ்எம் ஐரோப்பா. ஆனால் இது மென்பொருளின் நாடு மட்டுமே. சீன ஃபோனின் பூட்லோடரை (வேறு மென்பொருள் ஏறாமல் காக்கும் பூட்டை) உடைத்து அதில் குளோபல் மென்பொருளை ஏற்றியிருந்தால் இந்த எழுத்தும் மாறிப்போயிருக்கும்.

அதைக் கண்டுபிடிக்க ஃபோனை அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள். கம்பெனி பெயர் வரும்போது திரையில் திறந்த பூட்டுப் படம் தெரிந்தால் உடைத்திருக்கிறார்கள். அடுத்து பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் அபவுட் பகுதியில் கூகுள் தரும் பிளே புரொடெக்ட் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். சான்று இல்லாத ஃபோனில் வங்கி ஆப்களும் யுபிஐ ஆப்களும் திறக்க மறுக்கலாம். அப்டேட் வராது. உடைத்ததை மறைக்க பூட்லோடரைத் திரும்பப் பூட்டப் பார்த்தால் ஃபோனே எழுந்திருக்காமல் போகும். அப்படி உயிர் போன ஃபோன்கள் என் மேசைக்கு வந்திருக்கின்றன.

மாற்றாத சீன மென்பொருள் என்றால் தமிழர்களுக்கு ஒரு சுலபமான சோதனை: மொழிப் பட்டியலைத் திறந்து தமிழைத் தேடுங்கள். சீனமும் ஆங்கிலமும் இருக்கும், தமிழ் இருக்காது. பிளே ஸ்டோரும் முகப்பில் இருக்காது.

ஒன்பிளஸ்?

மாடல் எண் போதும். ஒன்பிளஸ் 9 புரோ என்றால் எல்இ2121 இந்தியா, எல்இ2120 சீனா, எல்இ2123 ஐரோப்பா, எல்இ2125 வட அமெரிக்கா. மற்ற மாடல்களுக்கும் இதேபோல எண் மாறும்.

பெட்டியில் என்ன பார்க்க வேண்டும்?

இந்தியாவில் விற்கும் பெட்டியில் அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்த அல்லது இறக்குமதி செய்த மாதமும் வருடமும், தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் முகவரி, புகார் சொல்ல ஒரு தொடர்பு எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். சட்டம் அப்படி. இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்-இன் முத்திரையும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் பெட்டியிலோ ஃபோனின் ரெகுலேட்டரி பக்கத்திலோ இருக்கும். *#07# அடித்தால் கதிர்வீச்சு அளவு திரையில் வர வேண்டும். இந்தியாவின் வரம்பு கிலோவுக்கு 1.6 வாட்.

ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் மெதுவாக நெருடிப் பாருங்கள். ஒரு தடவை அப்படி நெருடும்போது விலை ஸ்டிக்கர் எழும்பி, அடியில் அரபி எழுத்து தெரிந்தது. மேலே ஒட்டியது சாதாரண பிரின்டரில் அடித்த தாள், விரலை ஈரமாக்கித் தேய்த்தால் மை கலைந்தது. பெட்டியை யாரும் மாற்றலாம். அதனால்தான் ஃபோனின் உள்ளே இருக்கும் எண்ணை முதலில் பாருங்கள் என்கிறேன்.

எந்தெந்த பேண்ட் (அலைவரிசை) இருந்தால் இங்கே நன்றாக எடுக்கும்?

4ஜிக்கு ஜியோ 3, 5, 40-இல் ஓடுகிறது. ஏர்டெல், வி இரண்டுக்கும் 1, 3, 8 முக்கியம். இவற்றோடு ஏர்டெல் 40-ஐயும் வி 41-ஐயும் பயன்படுத்துகின்றன. 5 என்பது 850 மெகாஹெர்ட்ஸ். மெகாஹெர்ட்ஸ் குறைவாக இருக்கும் அந்த அலைதான் சுவரைத் தாண்டி வீட்டுக்குள் வரும். அது இல்லாத ஃபோனில் ஜியோ மொட்டை மாடியில் நன்றாக எடுக்கும், அபார்ட்மென்ட் பேஸ்மென்டில் காணாமல் போகும். 5ஜிக்கு என்78 கட்டாயம். ஜியோவுக்கு என்28-ம் இருந்தால் நல்லது.

பேண்ட் இருந்தால் மட்டும் போதாது, கம்பெனி அதைத் திறந்தும் விட்டிருக்க வேண்டும். 2022 அக்டோபர் 1 அன்று இந்தியாவில் 5ஜி தொடங்கியது. பெங்களூரில் ஏர்டெல் அன்றே தொடங்கியது. என்78 இருந்தும் ஐஃபோன்களில் அந்த வருட டிசம்பரில் அப்டேட் வந்த பிறகுதான் இங்கே 5ஜி எடுத்தது.

கேரியர் லாக் வேறு, ரீஜனல் வெர்ஷன் வேறா?

வேறு. தவணையில் ஃபோன் கொடுக்கும் வெளிநாட்டு நெட்வொர்க், கடன் தீரும்வரை வேறு சிம் ஏற்காதபடி பூட்டி வைக்கும். ஐஃபோனில் அபவுட் பக்கத்தில் கேரியர் லாக் என்ற வரியில் கட்டுப்பாடு எதுவும் இல்லை என்று இருக்க வேண்டும். பூட்டு இருந்தால் வாங்கவே வாங்காதீர்கள். 'நாளைக்குத் திறந்து தருகிறேன்' என்று சொல்பவரிடம், திறந்த பிறகு பணம் தருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

அரசு தரப்பில் சரிபார்க்க வழி உண்டா?

உண்டு, காசில்லாமல். ஆங்கில எழுத்தில் கே, ஒய், எம் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். சஞ்சார் சாத்தி தளத்திலும் ஆப்பிலும் இதே வசதி இருக்கிறது. கம்பெனி, மாடல் பெயர் வரும். கையில் இருக்கும் ஃபோனும் பதிலில் வரும் மாடலும் ஒன்றா என்று பாருங்கள். முடக்கப்பட்டது, போலி எண், ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று வந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். எந்த நாட்டு வெர்ஷன் என்பதை இது சொல்லாது. திருட்டு ஃபோனா என்ற பயத்தைத்தான் தீர்க்கும்.

வெளிநாட்டு ஃபோனுக்கு இங்கே வாரண்டி கிடைக்குமா?

பெரும்பாலான ஆண்ட்ராய்டு ஃபோன்களுக்கு விற்ற நாட்டில் மட்டும்தான். ஐஃபோனுக்கும், வாங்கிய நாட்டோடு சேவையைக் கட்டுப்படுத்த ஆப்பிளின் விதி இடம் தருகிறது. வாரண்டியை விடுங்கள், காசு கொடுத்து மாற்றினாலும் அந்த மாடலுக்கான போர்டோ சிம் ட்ரேயோ இங்கே உடனே கிடைக்காது. திரையும் பேட்டரியும் பொதுவாகக் கிடைத்துவிடும்.

விலை நன்றாகக் குறைகிறதே, வாங்கலாமா?

இந்தியாவில் ஃபோனுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. முழுதாக இறக்குமதியானால் அதன் மேல் சுங்க வரியும் உண்டு, அது 2024-இல் 20-லிருந்து 15 சதவீதமாகக் குறைந்தது. வரி கட்டாமல் வந்த ஃபோன் மலிவாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை. சொந்தக்காரர் முறைப்படி வாங்கி, அந்த நாட்டு பில்லோடு கொடுத்தால், நெட்வொர்க் ஒத்துப்போனால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். பில் இல்லாமல், யார் வாங்கியது என்று தெரியாமல் வருவதற்கு ஐயாயிரம் மிச்சமானாலும் நான் சம்மதிக்க மாட்டேன்.

கடையில் நிற்கும்போது எதையெல்லாம் செய்து பார்க்க வேண்டும்?

உங்கள் சிம்மைக் கையோடு கொண்டுபோங்கள். முதலில் ஃபோனில் மாடல் எண், பிறகு பெட்டியில் அதே எண், பிறகு *#06# போட்டு ஐஎம்இஐ, 14422-க்கு எஸ்எம்எஸ். அது வருவதற்குள் சிம்மைப் போட்டு ஓர் அழைப்பு. பேசும்போது மேலே 4ஜி அல்லது வோல்ட்இ அடையாளம் மறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கடை வாசலில் நின்று பேசாமல், உள்ளே கடைசிச் சுவர் ஓரமாகப் போய்ப் பேசுங்கள். எதிர்முனையில் இருப்பவரைத் திரும்பக் கூப்பிடச் சொல்லுங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினால் வெளியே வந்துவிடுங்கள், எஸ்.பி. ரோட்டில் கடைக்குப் பஞ்சமில்லை.

பணம் கொடுத்தாயிற்று, இப்போதுதான் தெரிந்தது. என்ன செய்வது?

இந்திய மாடல் என்று சொல்லியோ எழுதியோ கொடுத்திருந்தால் அது ஏமாற்று. அன்றைக்கே திரும்பப் போங்கள். மாடல் எண் தெரியும் திரையையும் பெட்டியையும் பில்லையும் படம் எடுத்து வையுங்கள். யுபிஐயில் கட்டியிருந்தால் அந்த ரசீதும் சாட்சி. கடைக்காரர் ஒத்துவராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்கள். தமிழிலேயே பேசலாம், கன்னடம் தெரியாதே என்று தயங்க வேண்டாம். அதிலும் தீராவிட்டால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை.